மலைமிதிவண்டி உபகுழுவும் செல்வராஜின் நன்றியுரையும்

ஒரு தகப்பனும் மகளும் சேர்ந்து சைக்கிள் ஓட்ட வேண்டுமானால் அதற்கு இரண்டு சைக்கிள்கள் போதும். அமெரிக்காவில் இதற்கு விசா கேட்பதில்லை. கிரீன் கார்டு வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை. சான் ரமோனில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கும் செல்வராஜுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவர் ஒரு காரியம் செய்தார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி கேட்டார்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் ஓவியா, ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று நியூ ஜெர்சிக்குக் காலேஜ் படிக்கக் கிளம்புகிறாள். லிவர்மோர் பக்கம் கால்வாய்க் கரையில் ஆரம்பித்து, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே புகுந்து, ஓக் மரக் காட்டுக்குள் ஏறி இறங்கும் பன்னிரண்டு மைல் மண்பாதை ஒன்று இருக்கிறது. ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் அந்தப் பாதையில் அப்பாவோடு ஒருமுறை மவுண்டன் பைக்கில் போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

"ஜஸ்ட் யூ அண்ட் மீ, அப்பா. நோ அங்கிள்ஸ், நோ ஆன்ட்டீஸ்" என்றாள்.

மிடில் ஸ்கூல் போன நாளிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்த பெண், தானாக வந்து கூப்பிடுகிறாள். அன்றைக்கே செல்வராஜ், யாரோ ஓட்டிக் கழித்த மவுண்டன் பைக் ஒன்றை வாங்கி வந்து கராஜில் நிறுத்தினார். அதன் டயரை அமுக்கிப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. மகளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவாளே! ஆகவே நானூற்றுப் பன்னிரண்டு பேர் அடங்கிய முப்பள்ளத்தாக்குத் தமிழர் மன்றத்தின் குழுவில் எழுதினார்.

"நண்பர்களே, மவுண்டன் பைக் டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? மகளோடு லிவர்மோர் செல்லவிருக்கிறேன்."

பதினோரு பேர் கைகூப்பினார்கள். நான்கு பேர் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர் மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரையின் பயன்களை அனுப்பிவைத்தார். காற்றைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் மன்றத் தலைவர் கோபாலசாமியே போன் செய்தார்.

"என்ன செல்வராஜ், தனியா சைக்கிள்ல போறீங்களாமே?"

"தனியா இல்ல சார். பொண்ணு கூட வர்றா."

"அதத்தான் தனியாங்கறேன். இவ்ளோ பெரிய மன்றம் இருந்தும் ஒரு மெம்பர் அநாதையா சைக்கிள் ஓட்டினார்னு நாளைக்கு நாலு பேர் பேச மாட்டானா?"

"சார், ஓவியா வந்து..."

"மலைமிதிவண்டி உபகுழுன்னு ஒண்ணு ஃபார்ம் பண்றோம். ஒருங்கிணைப்பாளர் நானே இருந்துடறேன். நீங்க துணை ஒருங்கிணைப்பாளர். இப்போதைக்கு ஆக்டிங்."

செல்வராஜ் சரி என்றார். அவர் பன்னிரண்டு பொங்கல் விழாக்களுக்கு நாற்காலி போட்டவர். ஒரு நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. துணை ஒருங்கிணைப்பாளர் என்ற சொல்லைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

"புள்ள உங்கள மட்டும்தான கூப்பிட்டா?" என்று அவர் மனைவி கலாவதி கேட்டாள்.

"அட, அவளும் நானும் முன்னாடி போவோம். அவங்க பாட்டுக்குப் பின்னாடி வருவாங்க."

உபகுழுவின் முதல் ஜூம் கூட்டத்திலேயே ஒரு பண்பாட்டுச் சிக்கல் தலைதூக்கியது. பாதை திராட்சைத் தோட்டங்களின் வழியாகப் போகிறது. திராட்சையோ ஒயின் ஆகிறது. மன்றத்தின் பெயரால் அந்த வழியே போகலாமா? செயலாளர் ஷ்யாமளா இதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். ஐந்து பேர் கொண்ட கள ஆய்வுக் குழு லிவர்மோர் சென்றது. ஒயினை ருசி பார்க்கும் கூடங்கள் மூன்றில் முழுப் பகலும் தீவிரமாக ஆய்வு செய்தது. சாயங்காலம் ஐவரும் கன்னம் சிவக்க, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு டாக்சியில் திரும்பினார்கள். ஆய்வு முடிவுபெறவில்லை என்றும், இன்னும் இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது என்றும் அறிக்கை கொடுத்தார்கள்.

கடைசியில் நீண்ட விவாதத்துக்குப் பின் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. திராட்சைத் தோட்டம் அடிப்படையில் ஒரு பழத்தோட்டமே. இருப்பினும் உறுப்பினர்கள் அதைக் கடக்கும்போது தம் பார்வையை இடப்புறம் செலுத்தக் கடவர். இடப்புறம் தடுப்பில்லாத கால்வாய் இருப்பதால், நீச்சல் தெரியாதோர் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

இதற்குள் ஊரில் சைக்கிள் மோகம் பற்றிக்கொண்டது. ஆளாளுக்குக் கார்பன் சட்டம் போட்ட சைக்கிள் வாங்கினார்கள். இருநூறு கிராம் எடை குறையும் என்று ஒருவர் இரும்பை மாற்றி டைட்டேனியம் திருகாணி போட்டார். அவருடைய தொப்பை மட்டும் பத்துக் கிலோ தேறும். வீட்டுக்கு வீடு உடம்போடு ஒட்டிய கால்சட்டை வந்து இறங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வரலாமா என்பதற்குத் தனியாக ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. ஓட்டியவர்தான் யாரும் இல்லை.

மூன்று சனிக்கிழமைகள் கூட்டத்திலேயே கழிந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓவியா ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். "நெக்ஸ்ட் வீக்டா கண்ணு" என்றார் செல்வராஜ். ஆகஸ்டில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் மிச்சம் இருந்தது.

அன்றைய சவாரிக்கு அனுமதி வாங்க அவர் பூங்கா அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே காவல் பார்க்கும் ரேஞ்சர் அம்மாள், துணை ஒருங்கிணைப்பாளர் என்று அச்சடித்து அவர் நீட்டிய முகவரிச் சீட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாற்பத்து மூன்று. அதில் பத்தொன்பது பேர் நிர்வாகிகள்."

"இருபத்தைந்துக்கு மேல் போனால் அது நிகழ்ச்சி. மனு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், நேரம் குறிக்க வேண்டும்."

"இருபத்தைந்துக்குக் கீழே என்றால்?"

"ஒன்றும் வேண்டாம். நீங்களும் இன்னொருவரும் என்றால் இப்போதே போகலாம். பாதை அதோ இருக்கிறது."

செல்வராஜ் ஜன்னல் வழியே பார்த்தார். காலை வெயிலில் கால்வாய்த் தண்ணீர் மினுங்கியது. ஓவியாவை இப்போதே வரச் சொல்லலாமா என்று போனை எடுத்தார். ஆனால் தன் பெயர் போட்ட முகவரிச் சீட்டு ஐந்நூறு அச்சாகி வந்துவிட்டதே! மனுவில் கையெழுத்துப் போட்டார். பெயருக்குக் கீழே பதவியையும் எழுதினார். எட்டு மணியிலிருந்து பதினோரு மணி வரை அனுமதி கிடைத்தது.

யார் யார் என்ன கொண்டுவருவது என்று ஒரு பட்டியல் சுற்றுக்கு வந்தது. புளியோதரைக்கு ஒன்பது பேர், தயிர் சாதத்துக்கு ஆறு பேர், மைக் செட்டுக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். காற்றடிக்கும் பம்பு என்ற வரிக்கு எதிரே கடைசி வரை யாரும் எழுதவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கால்வாய்க் கரையில் வாழ்த்துப் பாடலோடு விழா தொடங்கியது. சிறப்பு விருந்தினர் குபெர்டினோவிலிருந்து வந்திருந்தார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் பெரிய கம்பெனியில் டைரக்டர். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தோர் உரை என்று போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது பேருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. எட்டரை மணிக்கு ஓவியா மேடைக்குப் பின்னால் வந்து அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, போலாமா?"

"ஒரு அஞ்சு நிமிஷம்டா. என்னோட நன்றியுரை இருக்கு."

"யூ செட் நெக்ஸ்ட் வீக் த்ரீ டைம்ஸ்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்த மஞ்சள் ஹெல்மெட் கால்வாய் ஓரமாகப் போனது, திராட்சைக் கொடிகளின் நடுவே தெரிந்து தெரிந்து மறைந்தது, பிறகு காட்டுக்குள் போய்விட்டது. சிறப்பு விருந்தினர் அப்போது தலைமைப் பண்பின் ஏழு தூண்களில் இரண்டாவது தூணில் இருந்தார்.

பத்தே முக்காலுக்கு அவள் திரும்பி வந்தாள். முழங்கால் வரை புழுதி, முகமெல்லாம் வியர்வை, அப்படி ஒரு சிரிப்பு. செல்வராஜ் மைக்கைப் பிடித்து, "அடுத்து, மைக்கைப் பிடிக்கும் கம்பியைக் கொடுத்து உதவிய..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மீதியிருந்த இருபத்திரண்டு பெயர்களை மடமடவென்று வாசித்துவிட்டு ஓடிவந்தார்.

"அப்பா, மான் பார்த்தேன்! வாங்க, ஜஸ்ட் ஒன் மைல். கால்வாய் மட்டும்."

சைக்கிளைப் பிடித்தால் பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. நாற்பத்து மூன்று பேரில் பம்பு வைத்திருந்தவள் ஓவியா ஒருத்திதான். பையிலிருந்து எடுத்து மளமளவென்று அடிக்கத் தொடங்கினாள். அந்நேரம் ரேஞ்சர் அம்மாள் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நேரம் முடிந்தது, நிகழ்ச்சி கலைய வேண்டும் என்றார். பிறகு தகப்பனையும் மகளையும் பார்த்து, "நீங்கள் இரண்டு பேர்தானே, நீங்கள் போகலாம்" என்றார்.

செல்வராஜ் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டார்.

"செல்வராஜ்! குரூப் போட்டோ!" என்று கோபாலசாமியின் குரல் வந்தது. "துணை ஒருங்கிணைப்பாளர் இல்லாம எப்படி? முன் வரிசைல சேர் போட்டிருக்கு!"

பன்னிரண்டு பொங்கலுக்குப் பிறகு அவருக்கென்று போடப்பட்ட முதல் நாற்காலி. அவர் மகளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"ஒரே நிமிஷம்டா" என்றார்.

கோபாலசாமி கண்ணைச் சிமிட்டியதால் எட்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. சிறப்பு விருந்தினரை ஒரு சைக்கிளில் உட்கார வைத்து, பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஓட்டுவதுபோல் ஒன்று எடுத்தார்கள். புளியோதரை பரிமாறும்போது செல்வராஜ் திரும்பிப் பார்த்தார். ஓவியா இரண்டு சைக்கிளையும் காரின் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு, முன் சீட்டில் தூங்கிப் போயிருந்தாள்.

மறுநாள் ஏர்போர்ட்டில் அவர் அழுதார். நன்றாகவே அழுதார். திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் கலாவதி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"நன்றியுரை நல்லா இருந்துச்சுங்க."

உபகுழுவின் ஆண்டறிக்கையில் நாற்பத்து மூன்று உறுப்பினர்கள் மொத்தம் பன்னிரண்டு மைல் கடந்து சாதனை புரிந்ததாகப் பதிவாகியது. அதில் பொய் ஏதும் இல்லை. செல்வராஜின் பதவியிலிருந்த ஆக்டிங் என்ற சொல் நீக்கப்பட்டது. சைக்கிள் கராஜிலேயே நிற்கிறது. மகள் அடித்துவிட்டுப் போன காற்று டயரில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவர் அவ்வப்போது போய் அமுக்கிப் பார்ப்பார். ஓட்ட மனம் வருவதில்லை.

அக்டோபரில் ஓவியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கேயும் ஒரு கால்வாய்க் கரை இருக்கிறதாம். ஒரு தோழியோடு சைக்கிளில் போகலாம் என்று நினைத்து, எந்த வழி நல்ல வழி என்று காலேஜ் தமிழ் மாணவர் குழுவில் கேட்டாளாம். இப்போது முப்பத்தோரு பேர் சேர்ந்திருக்கிறார்களாம். அவளைத் துணை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள், ஆக்டிங். தோழி கோபித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். 'அப்பா, வோட் ஆஃப் தேங்க்ஸ் எவ்ளோ லாங் இருக்கணும்?' என்று கேட்டிருந்தாள்.

'எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தத் தோழியோடு போ கண்ணு' என்று செல்வராஜ் அடித்தார். அடித்ததை ஒருமுறை படித்தார். அழித்தார்.

'கால் மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒருத்தர் பேரும் விட்டுப்போகக் கூடாது' என்று அனுப்பினார்.

கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் அனுப்பினார்.

'போட்டோவில் முன் வரிசையில் உட்கார்.'