மஞ்சளுக்கு ஐந்து வரி

ஏழு கடலுக்கு அப்பால் என்று சொல்லுமளவுக்குத் தூரமில்லை. பக்கத்தில்தான் சந்தனக்கரை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மக்கள் உப்புக்கு வரி கட்டினார்கள், உலைமூடிக்குக் கட்டினார்கள், துடைப்பத்துக்கு ஈர்க்குச்சியை எண்ணிக் கட்டினார்கள். எல்லாம் பழகிப்போயிற்று. மஞ்சளில்தான் வந்தது வினை.

நிதியமைச்சர் திருமேனிநாதர் ஒருநாள் அவையில் எழுந்து, "மன்னா, மஞ்சள் ஒன்று, அதன் நோக்கமோ ஐந்து. ஐந்துக்கும் ஒரே வரி என்பது ஏழைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி" என்றார். ஏழைகள் என்ற சொல்லைக் கேட்டாலே மன்னருக்குக் கண் கலங்கிவிடும். கலங்கிய கண்ணோடு முத்திரை குத்தினார்.

அதன்படி சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு நூற்றுக்கு ஐந்து. புண்ணுக்கு வைத்தால் பன்னிரண்டு. மருந்து மலிந்தால் மக்கள் நோயை விரும்பத் தொடங்குவார்கள் என்று அமைச்சர் விளக்கினார். கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினால் அது நகை, பதினெட்டு. முகத்தில் பூசினால் ஆடம்பரம், இருபத்தெட்டு. பூசைக்கு வாங்கினால் மட்டும் வரி கிடையாது, ஏனென்றால் மன்னர் பக்திமான்.

தறிக்காரத் தெருவில் குடியிருந்த வடிவுக்கு இந்த விவரம் எதுவும் தலையில் ஏறவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய அடுப்படி. கல்யாணமாகி வந்த பதினேழு வருஷத்தில் அவளைக் கேட்காமல் அங்கே ஒரு கரண்டி இடம் மாறியதில்லை. மாமியாரோடு சண்டை போட்டு ஜெயித்து வாங்கிய இடம் அது. அவ்வளவு லேசில் விட்டுவிடுவாளா?

ஒரு செவ்வாய்க்கிழமை நோக்கக் கண்காணிப்பாளர் நீலமேகம் வந்தார். என்ன நோக்கம் சொல்லி வாங்கிய மஞ்சள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று வீடு வீடாகப் பார்ப்பது அவர் உத்தியோகம். வடிவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சாம்பாருக்கு என்று சொல்லி வாங்கியிருக்கிறீர்கள். கன்னத்தில் இருக்கிறதே?"

"பொடி போட்ட கையால வேர்வையத் தொடச்சேன் ஐயா."

"கை எந்த வழியாக வந்தது என்பது அரசுக்குத் தேவையில்லை. மஞ்சள் சேர்ந்த இடம் கன்னம். இருபத்தெட்டு. பொய் சொன்னதற்கு அபராதம் தனி."

வடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மறுநாள் கடைக்குப் போனவள், பூசைக்கு என்று சத்தியம் செய்து மஞ்சள்பொடி வாங்கி வந்தாள். அதைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் முப்பது பிள்ளையார் பிடித்தாள். நாளுக்கு ஒருவர். ஒருவருக்கு அருகம்புல் சொருகி, கற்பூரம் காட்டினாள். பூசை முடிந்தால் மஞ்சள் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைப்பதுதானே முறை? கொதிக்கிற பருப்பில் கரைத்தாள்.

"பருப்பிலா கரைக்கிறீர்கள்?" என்றார் மறுபடியும் சோதிக்க வந்த நீலமேகம்.

"பருப்புலயும் தண்ணிதானே ஐயா இருக்கு."

சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பருப்பில் கரைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அந்த வாரமே தெரு முழுக்கப் பிள்ளையார். அடுத்த மாதம் நாடு முழுக்கப் பிள்ளையார். மஞ்சள் வரி என்று கஜானாவுக்கு ஒரு காசு வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். சந்தனக்கரையில் பிள்ளையார் பிள்ளையாராகவே முடிந்தார். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

அமைச்சர் கோபப்படவே இல்லை. "மன்னா, தங்கள் ஆட்சியில் பக்தி பெருகி, அடுப்படிக்கு அடுப்படி சாமி எழுந்தருளிவிட்டார். சாமி இருக்குமிடம் கோயில். கோயில் என்றால் அரசு பொறுப்பேற்காமல் இருக்கலாமா?" என்றார். மன்னருக்கு மறுபடியும் கண் கலங்கியது.

நீலமேகம் செயல் அலுவலராகப் பதவி உயர்ந்து திரும்பி வந்தார். வடிவின் அடுப்படி வாசலில் பலகை மாட்டினார்: நடை திறப்பு காலை ஆறு, நடை சாத்துவது பதினொன்று. அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் உண்டியல் வந்தது. கொல்லைப்புறமாக வந்தால் தர்ம தரிசனம், கூடத்து வழியாக வந்தால் சிறப்புக் கட்டணம். பிரசாதம் சமைத்து வரிசையில் வருகிறவர்களுக்கு இலையில் போட அமைச்சரின் சகலை நியமிக்கப்பட்டார். அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும் என்று சான்றிதழ் இருந்தது.

வடிவு உள்ளே போகக் கால் எடுத்து வைத்தாள். நீலமேகத்தின் கை குறுக்கே வந்தது.

"இது என் அடுப்படி ஐயா."

"இல்லையென்று யார் சொன்னது அம்மா? உங்களுடையதுதான். உள்ளே மட்டும் போகக் கூடாது. கருவறை."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் அவள் புருஷன் மூக்கையா. "வா, வரிசையில நிப்போம். எதிர்வீட்டுக்காரங்க வேற வந்துட்டாங்க. அவங்க கோயில்ல இன்னிக்கு உப்புமாவாம்."

பன்னிரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாம் நாள் சகலை அவளுடைய தோசைக்கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதை எட்டிப் பார்த்தாள். பதினேழு வருஷம் எண்ணெய் ஊறிப் பழகிய கல். நேராக அரண்மனைக்கு நடந்தாள்.

"ஐயா, நான் பிள்ளையார் பிடிச்சது தப்புதான்" என்றாள் அமைச்சரிடம். "சாம்பார்ல போட்டாலும் சரி, மூஞ்சியில பூசினாலும் சரி, எல்லாத்துக்கும் அந்த இருபத்தெட்டையே வாங்கிக்குங்க. வாயத் தொறக்க மாட்டேன். என் அடுப்படிய மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

திருமேனிநாதர் ஆசனத்திலிருந்து எழுந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். முரசு அறைபவனை வரச் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் முரசு ஒலித்தது. மக்களே மனமுவந்து கேட்டுக்கொண்டதால் ஐந்து வரிக் குழப்பம் இன்றோடு ஒழிந்தது; இனி நாடு முழுவதும் ஒரே மஞ்சள், ஒரே வரி, இருபத்தெட்டு; பூசைக்கும் சேர்த்துத்தான். வடிவுக்கு மாலை போட்டுப் பல்லக்கில் ஏற்றினார்கள். வழிநெடுகக் கைதட்டினார்கள். அவள் பல்லக்கிலிருந்து தலையை நீட்டி, "அடுப்படி?" என்று கேட்டாள்.

"அது பக்தர்களின் உணர்வு அம்மா" என்றார் அமைச்சர். "அதில் அரசு தலையிடாது."

மறுநாள் வரிசையில் மூக்கையா அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். இலையில் விழுந்த சாம்பார் வெளுத்துப்போயிருந்தது.

"என்னங்கையா, மஞ்சளே இல்லையே?"

"விற்கிற விலைக்கு யாரம்மா மஞ்சள் போடுகிறார்கள்?" என்றார் நீலமேகம். "கொள்முதலையே நிறுத்தியாயிற்று."

வடிவு எட்டி உள்ளே பார்த்தாள். அடுப்பு மேடையில் காய்ந்த அருகம்புல் மட்டும் கிடந்தது.

"அப்ப, உள்ள சாமியே இல்லையா?"

நீலமேகம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உண்டியல் இருக்கிறதல்லவா அம்மா. கும்பிட்டுவிட்டு நகருங்கள், பின்னால் ஆள் நிற்கிறது."