புல்டோசரின் இடது கால்

கண்ணாடிக்கடைக்காரர் அந்த வருடம் ஒரு பெரிய முடிவெடுத்தார். கால்பந்தைப் பற்றி வீட்டுக்குள் மூச்சு விடுவதில்லை. சாப்பிட வாயைத் திறக்கலாம். கொட்டாவி விடத் திறக்கலாம். ஆட்டக்காரர் பெயரைச் சொல்ல மட்டும் திறக்கக் கூடாது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்த தெருவில் வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கும். நிஜமாக ஓடுகிற போட்டி இல்லை. அந்தத் தெருக் கடைக்காரர்கள் நிஜமாக ஓடினால் பாதிப் பேர் மருந்துக்கடை வாசலில் போய்ப் படுத்துவிடுவார்கள். இது கைப்பேசியில் ஆடும் ஃபேன்டசி கால்பந்து. ஆளுக்கு ஓர் அணி. தொலைக்காட்சியில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களில் பதினொரு பேரைப் பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மைதானத்தில் கோல் போட்டால் இங்கே புள்ளி ஏறும். சொதப்பினால் இறங்கும். ஓர் ஆட்டக்காரர் ஒருவர் அணியில்தான் இருக்க முடியும். பிடிக்கவில்லை என்று கழற்றிவிட்டால் அடுத்த நொடியே வேறு யாரும் கொத்திக்கொண்டு போகலாம்.

போன வருடம் கண்ணாடிக்கடைக்காரர் கடைசி. கடைசியாக வந்தவர் சனிக்கிழமைதோறும் ‘கடைசி’ என்று மார்பில் எழுதிய பச்சை பனியனைப் போட்டுக்கொண்டுதான் கடையில் உட்கார வேண்டும் என்பது தெருவின் சட்டம். அவரும் உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி வாங்கிய ஒரு பெரியவர் வாசலில் நின்று அவர் மார்பைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்துவிட்டு, “பரவாயில்லையே, பளிச்சுன்னு தெரியுதே” என்று சந்தோஷமாகப் போனார். அன்றைக்குக் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தேவைப்பட்ட மனவலிமைக்கு அளவில்லை.

முதலில் வந்தது யார்? அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. பஸ் ஓட்டுகிறவன். அவன் அணிக்குப் பெயர் ‘கடைசி ஸ்டாப்’. பெயரில் மட்டும்தான் கடைசி.

சந்தேகம் அங்கேதான் முளைத்தது. போன வருடம் கண்ணாடிக்கடைக்காரர் சாப்பாட்டு மேசையில், “இந்த நெட்டையன் நல்லா ஆடுறான், எடுக்கலாம்னு இருக்கேன்” என்பார். மறுநாள் காலை நெட்டையன் கடைசி ஸ்டாப்பில் இறங்கியிருப்பான். “அந்தக் குட்டையன் மேல ஒரு கண்ணு” என்பார். குட்டையனும் போயிருப்பான். மேசையில் இருந்தது ரெண்டே பேர். அவர் ஒன்று, மனைவி ஒன்று. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவையில்லை.

எனவே இந்த வருடம் சீசன் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் ஆரம்பித்ததும் அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டார். அணி பொறுக்கும் வேலை முழுவதும் கடைக்குள், கண் பரிசோதிக்கும் இருட்டறையில். வாடிக்கையாளர் உள்ளே காத்திருந்தாலும், “ஒரு நிமிஷம், கண்ணை மூடிக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் தடவுவார். வீட்டுக்கு வந்தால் தலையாட்டல் மட்டும்.

மனைவி ரெண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

“பல்லு வலியா?”

தலை இல்லை என்று ஆடியது.

“தொண்டை?”

மறுபடி ஆடியது.

“கழுத்து நல்லாத்தான் சுத்துது” என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஒருத்தர் வாசலில் இருந்து நாற்காலிவரை நடந்து வருவதற்குள் எந்த மூட்டில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் கண்ணாடிக்கடைக்காரர் கையை வீசிக்கொண்டு கம்பீரமாக நடந்து வந்தபோது, “உங்களுக்குத் தட்டைப் பாதம், தெரியுமா?” என்று அன்போடு கேட்டவள். அவள் தொழிலை அவர் மதித்தார். ஆனால் கால் என்பது வேறு, கால்பந்து என்பது வேறு என்பது அவருடைய கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் ஒரு பயிற்சி ஆட்டம். அவர் சோபாவில் ஆர்வமே இல்லாதவர்போல் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரையில் புல்டோசர் வந்தான். அது தெருக்காரர்கள் வைத்த பெயர். எதிரில் வருகிறவர்களை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கோல் போடுகிறவன். போன வருடம் அதிகம் கோல் போட்டது அவன்தான். இந்த வருடம் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

அவள் ஒரு தலையணை உறையைக் கையில் வைத்தபடியே பார்த்தாள்.

“இந்த ஆள் இடது காலைக் காப்பாத்திக்கிட்டு ஓடுறான். தொடையில ஏதோ இருக்கு. இவனை எடுத்துராதீங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. உள்ளே மட்டும் ஏழெட்டு மணி ஒன்றாக அடித்தது. ஆகா. எடுக்காதே என்கிறாள். எடுக்காவிட்டால் யாருக்கு லாபம்? தம்பிக்கு. அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்தார். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். தண்ணீரைத் திறந்துவிட்டார். புல்டோசரை எடுத்தார். திரும்பி வரும்போது கால் தரையில் படவில்லை.

“வயிறு சரியாயிடுச்சா?” என்றாள்.

இப்போது ரொம்ப லேசாக இருக்கிறது என்பதைத் தலையாட்டியே தெரிவித்தார்.

மறுநாள் பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மருந்துக்கடைக்காரரும் போட்டியில் உண்டு. ஆனால் எந்த ஆசையும் இல்லாமல் நடுவில் வந்து நிற்கிற ஆள் என்பதால் நம்பலாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சந்தேகத்துக்கு என்கிட்ட மாத்திரை இல்லை. ஆனா டெஸ்ட் எடுத்துப் பார்த்துரலாம்” என்றார்.

டெஸ்ட் இதுதான். ஒன்றுக்கும் ஆகாத ஆட்டக்காரன் ஒருவனை ரகசியம்போல வீட்டில் உளற வேண்டும். அவன் கடைசி ஸ்டாப்பில் போய் இறங்கினால் வீட்டில் ஓட்டை இருக்கிறது. இறங்காவிட்டால் ஓட்டை அவர் மூளையில்.

ஒன்றுக்கும் ஆகாதவன் யார் என்று ரெண்டு பேரும் தேடி, ஊன்றுகோலைப் பிடித்தார்கள். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவன். போன வருடம் இடுப்பில் அடிபட்டு, சீசன் முழுக்க ஊன்றுகோலோடு மைதான ஓரத்தில் உட்கார்ந்தே பேர் வாங்கியவன். அவனைத் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக்கடைக்காரர் விரதத்தை முடித்துக்கொண்டார். பெருமூச்சு விட்டார். அந்த ஊன்றுகோலை எடுத்துப் பார்க்கலாமா என்று ஓர் எண்ணம், யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். இவ்வளவு இயல்பாகத் தனக்கு நடிக்க வரும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். “அவனா? நேத்து டிவியில அவன் மாடியேறி வந்ததைக் காட்டினாங்க. இடுப்பு சுத்தமா சரியாயிடுச்சு. தாராளமா எடுங்க.”

தாராளமா எடுங்க. என்னைக் குழியில் தள்ளத்தான் எத்தனை தாராளம் என்று அவர் நினைத்துக்கொண்டார். எடுக்கவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் கடைசி ஸ்டாப், ஊன்றுகோலை எடுத்துக்கொண்டது.

கண்ணாடிக்கடைக்காரர் இருட்டறையில் தனியாகச் சிரித்தார். பிறகு அதே இருட்டில் கொஞ்சம் கண் கலங்கினார். துப்புத் துலங்கியது நல்லதுதான். துலங்கிய இடம் சொந்த வீடாக இருந்தது. காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி போட்டவள். அவர் எழுத்து அவருக்கே புரியாதபோது படித்துச் சொல்கிறவள். அவளா? அவளேதான். அன்றிலிருந்து அவள் செய்வதெல்லாம் அவருக்குச் சதியாகத் தெரிந்தது. கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தால் தம்பி. ஜன்னல் பக்கம் நின்று பேசினால் தம்பி. ‘நீங்க முதல்ல தூங்குங்க’ என்று கரிசனமாகச் சொன்னால் நிச்சயமாகத் தம்பி.

குற்றவாளியை நேரில் ஆழம் பார்க்க பஸ் நிலையத்துக்கே போனார். மச்சான் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் போய், எங்கோ பார்த்தபடி கேட்டார்.

“ஊன்றுகோல் எப்படி இருக்கு?”

“ஊன்றுகோலா? யாருக்கு அத்தான்?” மச்சான் துணியைக் கீழே போட்டான். “கால்ல அடியா? அக்காகிட்ட காட்டினீங்களா?”

அவர் காலைக் குனிந்து வேறு பார்த்தான். கண்ணாடிக்கடைக்காரர் அவனை மனதுக்குள் பாராட்டினார். அக்காவும் தம்பியும் நாடகக் குழு வைத்திருந்தால் கொடிகட்டிப் பறந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு வழி சுலபமாகிவிட்டது. அவள் எதைச் சொன்னாலும் அதைத் தலைகீழாகச் செய்தால் போதும். ஓய்வாக இருக்கும்போது பேச்சுக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். பின்வரிசையில் ஒருவனை நல்ல ஆள் என்றாள். உடனே கழற்றிவிட்டார். இன்னொருவனுக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது என்றாள். உடனே சேர்த்துக்கொண்டார். அவள் வாயைத் திறக்காமல் விட்டது அவருடைய கோல்கீப்பர் ஒருவனைப் பற்றி மட்டும்தான். அவனுக்குத் தெருவில் பெயர் ‘கதவு’. சாத்தினால் சாத்தினதுதான், பந்து உள்ளே போகாது. அபிப்பிராயம் வராததால் அவன் அப்படியே இருந்தான்.

முதல் வாரம் நிஜ ஆட்டங்கள் தொடங்கின. மருந்துக்கடையில் தொலைக்காட்சி வைத்து எல்லாரும் கூடினார்கள். மச்சானுக்கு அன்று பஸ். கண்ணாடிக்கடைக்காரர் நடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

புல்டோசர் முதல் பாதியிலேயே பந்தைத் துரத்தி ஓடினான். ஓடியவன் சுடப்பட்டவன்போல் நின்றான். இடது தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவர் வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்கிறார் என்று வர்ணனையாளர் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரரின் மேல் கால் மெல்லக் கீழே இறங்கியது.

அடுத்த ஆட்டத்தில் ஊன்றுகோல் ரெண்டு கோல் போட்டான். ரெண்டாவதைப் போட்டுவிட்டு, சரியாகிவிட்ட இடுப்பை வளைத்து ஓர் ஆட்டமும் ஆடினான். அவர் கழற்றிவிட்ட பின்வரிசைக்காரனும் ஒரு கோல் போட்டான். கணுக்கால்காரன் காலுறைகூட மாட்டாமல் வெளியே உட்கார்ந்திருந்தான். கதவு மட்டும் சாத்தியபடி நின்று மானத்தைக் காத்தது. இருந்தும் பட்டியலில் கடைசி ஸ்டாப் உச்சியில், அவர் அடியில்.

மருந்துக்கடைக்காரர் ஒரு தலைவலி மாத்திரையை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்கடைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று வழக்கைத் தொடுத்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்றார். ஊன்றுகோலைப் பற்றிச் சொன்னது உன்னிடம் மட்டும்தான் என்றார். கட்டின புருஷன் பெரிசா, கூடப் பிறந்த தம்பி பெரிசா என்று கேட்டார்.

அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“தம்பி இந்த ஆட்டத்தை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. தொலைதூர பஸ்ஸுக்கு மாத்திட்டாங்க, அவனுக்கு நேரமில்லை. பேரு மட்டும்தான் அவனோடது, கடைசி ஸ்டாப் இப்ப என்னோட டீம்.”

கண்ணாடிக்கடைக்காரர் செருப்பைக் கழற்றினார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

“நீங்க ஒரு பேரைச் சொல்வீங்க” என்று அவள் தொடர்ந்தாள். “நான் டிவியில அவன் நடையைப் பார்ப்பேன். நல்லா இருந்தா எடுங்கன்னு உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன். நீங்க எடுக்க மாட்டீங்க. சும்மா கிடக்கிறானேன்னு நான் எடுத்துக்குவேன். புல்டோசரை எடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?”

சொன்னாள்.

“ஊன்றுகோலை எடுங்கன்னு சொன்னேனா இல்லையா?”

அதையும் சொன்னாள். அவர் சோபாவில் உட்கார்ந்தார். உளவாளி என்று நினைத்தவள் அத்தனை நாளும் அவருக்காகவே உளவு பார்த்திருக்கிறாள். சொன்னதெல்லாம் உண்மை. ஒவ்வொரு உண்மையையும் எடுத்துத் தலைகீழாக மாட்டி வைத்தது அவர்தான். வெட்கம் முதலில் வந்தது. பின்னாலேயே பாசம் வந்தது. தான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அவர் பல வார்த்தைகளில் எடுத்துச் சொன்னார். அவள் எதையும் மறுக்கவில்லை.

“இனிமே உன் பேச்சுதான்” என்றார். “இந்த வாரம் ஒரு ஆளை மாத்திக்கலாம். யாரைக் கழற்றட்டும், நீயே சொல்லு.”

அவள் அவர் அணியை மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள். அன்றைய ஆட்டத்தில் கதவு பாய்ந்து பந்தைத் தடுத்த காட்சியைத் திரும்பப் போடச் சொன்னாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

“கதவை விட்டுருங்க. வலது தோள்பட்டை. தாங்காது.”

பழைய கண்ணாடிக்கடைக்காரராக இருந்தால் குளியலறைக்குப் போயிருப்பார். இவர் புது மனிதர். புல்டோசரின் தொடையை நினைத்தார். கொஞ்சமும் தயங்காமல் கதவைக் கழற்றிவிட்டார். ஒரு மனுஷியை முழுசாக நம்புவதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா என்று கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

கையில் இருந்த கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். கதவைக் கடைசி ஸ்டாப் எடுத்துக்கொண்டது.

மெல்லத் திரும்பினார். அவள் தன் கைப்பேசியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

“தோள்பட்டை?” என்றார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்க, மனசுக்கு நிறைவா இருக்கு.”