ஓட்டைத் தட்டோ, கீறல் தட்டோ

சண்டை முடிஞ்சு, றோட்டெல்லாம் தாரால காப்பெற் போட்டாப் பிறகு மன்னார்ப் பக்கம் புதுசா ஒரு இனம் பெருகியிருக்கு. பறவை இல்லை, ஆம்பிளையள். பிறேக்குப் பண்டிதர் எண்டு பேர். பழைய காரொண்டை வாங்கி, அதில பத்துக் கிலோமீற்றர் ஓடுறதுக்கு முதல் அதைப் பற்றிப் பத்து மாசம் கதைக்கிறவை. உங்கட ஒழுங்கையிலயும் ஒண்டு இருக்கும். விடிய எழும்பி, சரத்தை மடிச்சுக் கட்டி, ஒரு கையில போனும் மற்றக் கையில தேத்தண்ணியுமாக் காருக்கு முன்னால குந்தி, சில்லுக்குள்ள எட்டிப் பாத்து, "ம்ம்" எண்டு சொல்லுறவர்தான். ஒண்டும் செய்யமாட்டார். "ம்ம்" மட்டும்தான்.

தாழ்வுபாட்டுக் கிராமத்து மார்த்தாவுக்கு வாய்ச்சதும் அப்படி ஒண்டு. புருசன் கொன்ஸ்ரன்ரைன் ஐஸ் பக்டரியில மனேச்சர். நல்ல மனுசன், குடியில்லை. குடிச்சாலாவது விடிய வெறி முறியும். இது முறியாது.

மார்த்தாவுக்கு ஒரு நேத்திக்கடன் இருந்தது. தங்கச்சி முகாமில இருந்து உயிரோட வந்தா, ஆவணித் திருநாளுக்கு மடு மாதாவிட்டப் போய், ஒரு கிடாரம் கஞ்சி காய்ச்சிச் சனத்துக்கு ஊத்துறதெண்டு. தங்கச்சி வந்து ரெண்டு வருசமாச்சு. முதல் வருசம், வந்த தங்கச்சிக்கே காய்ச்சல். மற்ற வருசம் கிடாரமும் அரிசியும் ஏத்த வாகனமில்லை. இந்த வருசம் அவர் வாங்கின பழைய கார் வாசலில நிக்குது. மாதாவுக்குச் சொல்ல இனி ஒரு சாட்டும் இல்லை.

ஆடி பிறக்க, கார் பிறேக் கிரீச்செண்டு கத்தத் தொடங்கிச்சு. கராச் பஸ்ரியன் வந்து சில்லைக் கழட்டினான். உள்ளுக்க சில்லோட சேந்து சுத்துற இரும்புத் தட்டு தேஞ்சு போச்சு. பெடலை மிதிக்கக் கட்டை இறுக்கிப் பிடிக்கிறது அந்தத் தட்டைத்தான்.

"சும்மா சாதாத் தட்டு ரெண்டு போட்டாக் காணும் அண்ணை. ஒரு நாள் வேலை."

ஒரு நாள் வேலையோ? பண்டிதரைக் கூப்பிட்டு வைச்சுச் செருப்பால அடிச்ச மாதிரி.

"சாதாத் தட்டை இப்ப ஆரப்பா போடுறது? வெளிநாட்டில எல்லாம் ஓட்டை போட்ட தட்டு. சூடு ஓட்டையால போயிடும்."

"எங்க போகும்?" எண்டு மார்த்தா குசினிக்குள்ள இருந்து கேட்டாள்.

"உமக்கு உது விளங்காது. மலையால இறங்கேக்க தட்டு நெருப்பாச் சிவக்கும்."

"மன்னாரில எது மலை? அந்த உப்புக் குவியலோ?"

பஸ்ரியன் சிரிப்பை அடக்க ஏலாமல் சில்லுக்குள்ள தலையை விட்டான்.

அதுக்குப் பிறகு ஒரு மாசம் கார் கல்லுக்கு மேல. கோயில் வாசலில ஓட்டைக் கதை, ஐஸ் ஏத்த வந்தவனோட, ஓட்டைக்குப் பதிலாக் கோடு கோடாக் கீறல் போட்ட தட்டின்ர கதை, செத்த வீட்டில பெட்டி மூடுறதுக்கு முதல் ரெண்டு கதையும். ஓட்டையைச் சுத்தி வெடிப்பு வருமாம். அப்ப கீறல் போட்டதை வாங்குவமெண்டா, கீறல் கட்டையைச் சுரண்டித் தின்னுமாம். ஒரு நாள் அது, ஒரு நாள் இது. மார்த்தா பாத்தாள், கார்க் கூரையில வலையை விரிச்சுச் சூடை மீனைக் காயப் போட்டாள். அந்த மாசம் கார் செய்த ஒரே பிரயோசனம் அதுதான்.

கடைசியாக் கொழும்பில இருந்து பெட்டி வந்துது. உடைச்சுப் பாத்தா, ஓட்டையும் கீறலும் ரெண்டும் உள்ள தட்டு. முடிவெடுக்கத் தெரியாதவைக்கெண்டே ஆரோ யோசிச்சுச் செய்து வைச்சிருக்கினம்.

"இடியப்ப உரல் மாதிரிக் கிடக்கு," எண்டாள் மார்த்தா.

ஆவணி பதின்மூண்டு பஸ்ரியன் பூட்டிக் குடுத்திட்டுப் போனான். பின்னேரம் பண்டிதர் குந்தியிருந்து பாத்தா, கடல்காத்துக்குத் தட்டில செம்மண் நிறத்தில கறள் புள்ளி விழத் தொடங்கியிருக்கு. எங்கட கரையில இரும்பெண்டாலும் மரமெண்டாலும் வைத்தியம் ஒண்டுதானே, சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூச வைச்சிருந்த போத்திலை எடுத்து, பல்லுத் தேய்க்கிற பிறஸ்ஸால ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும், ஒவ்வொரு கீறலுக்குள்ளயும், பிள்ளைக்குக் காது குத்தின புண்ணுக்கு எண்ணெய் தடவுற மாதிரித் தடவினார். பெஞ்சாதிக்குத் தலை இடிச்சா ஒரு நாள் தைலம் தடவின கை இல்லை அது.

அடுத்த நாள் காலமை, கிடாரம் பின்னுக்க, அரிசி மூட்டைக்கு மேல தங்கச்சி, முன்னுக்கு மார்த்தா. மன்னார் றோட்டில ஏறினவுடன நடுவில ஒரு கழுதை. மன்னார்க் கழுதை ஆருக்கும் வழி விடாது, தெரியும்தானே. கொன்ஸ்ரன்ரைன் பெடலை மிதிச்சார். கார் வழுக்கிக்கொண்டு போகுது. இன்னும் மிதிச்சார். அது அப்படியே போகுது.

"மாதாவே," எண்டாள் தங்கச்சி, முகாமில பாத்ததெல்லாம் போதாதெண்ட மாதிரி.

அவர் ஸ்ரேறிங்கை ஒடிச்சார். கார் இறங்கி மணலுக்குள்ள அச்சு வரைக்கும் புதைஞ்சு நிண்டுது. கழுதை அசையேல்லை.

சனத்தை ஏத்திக்கொண்டு மடுவுக்குப் போற உழவு மெசின் அந்த வழியால வந்துது. ஓட்டுறது பஸ்ரியன். இறங்கி, சில்லுக்குக் கிட்டக் குனிஞ்சு மோந்து பாத்தான்.

"அண்ணை, இதுக்கு ஆர் சுறா எண்ணெய் பூசினது?"

"கறள் பிடிக்கக் கூடாதெண்டு..."

"கறள் பிடிச்சிருந்தா கார் நிண்டிருக்கும்."

மெசினுக்குப் பின்னால பூட்டின பெட்டியில இருந்த சனம் முழுக்கச் சிரிச்சுது. மார்த்தா சிரிக்கேல்லை. கிடாரத்தின்ர ஒரு காதைத் தான் பிடிச்சு, மற்றதைத் தங்கச்சிக்குக் காட்டி, உழவு மெசினில ஏத்தினாள். மூட்டையையும் ஏத்தினாள்.

"இஞ்சாருங்கோ, நான் மாதாவுக்குச் சொன்ன சொல்லுக்குப் போறன். நீங்கள் வாறதெண்டா வாங்கோ. இல்லாட்டி இதிலயே குந்தியிருந்து ம்ம் எண்டுங்கோ."

அவர் காரைப் பூட்டிப்போட்டு ஏறினார்.

அடுத்த நாள் மடுவில மார்த்தா கஞ்சி காய்ச்சினாள். ரெண்டு வருசமா நெஞ்சில கிடந்த பாரம், கடைசி அகப்பையோட இறங்கிச்சு. ஊத்தினது கொன்ஸ்ரன்ரைன்தான், அதையும் சொல்லோணும். வியர்க்க வியர்க்க நிண்டு ஊத்தினார். ஆனா நடுவில வரிசை மட்டும் ஏனோ நகரேல்லை. மார்த்தா எட்டிப் பாத்தா, கோப்பையோட நிக்கிற ஒரு கட்டுக்கரைக் குளத்தடிக் கமக்காரனிட்ட இவர் சொல்லிக்கொண்டு நிக்கிறார்: "தட்டில பிழையில்லை தம்பி, எண்ணெய்தான் பிழை."

நீங்கள் சிரிக்கிறியள். சிரியுங்கோ. ஆனா இவ்வளவையும் வாசிச்சுப் போட்டு, "அப்ப ஓட்டை நல்லதோ, கீறல் நல்லதோ, அதைச் சொல்லேல்லையே" எண்டு மனசுக்குள்ள ஒரு சின்னக் கேள்வி வந்ததெண்டா, உங்கட மனிசியைக் கூப்பிட்டு இப்பவே பஸ் நேரம் கேட்டு வைக்கச் சொல்லுங்கோ.