ரோமாபுரி அண்ணனின் ஆறு மாடிச் சாம்ராஜ்யம்

ஒரு விசிலையும் தண்ணீர் மோட்டாரையும் வைத்துக்கொண்டு ரோம சாம்ராஜ்யத்தை நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ரங்கூன் தாமுவேயில், எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம். எங்களுக்கு அவர் ரோமாபுரி அண்ணன்.

துறைமுகக் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற வாரமே நடைபாதைக் கடையில் தடிமனான ரோம சரித்திரப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். படித்து முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். மூன்றாவது தடவை முடித்தபோது அவருக்கு ஆள ஒரு நாடு தேவைப்பட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் நாங்கள்தான் இருந்தோம்.

எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தெருவே "மீ லா பீ" என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். கத்தி முடிப்பதற்குள் ஆறு மாடிக்காரர்களும் அவரவர் மோட்டாரைப் போடுவார்கள். கீழ்வீட்டு மோட்டார் இழுக்கிற இழுப்பில் மேல்வீட்டுக் குழாயில் வெறும் காற்றுதான் வரும். அதற்காகப் படிக்கட்டில் நடந்த சண்டைகளைச் சொல்லி மாளாது.

ஒருநாள் அண்ணன் விசிலோடு படிக்கட்டில் வந்து நின்றார். மேல்மாடிக்கு முதலில் பத்து நிமிஷம், விசில் ஊதினால் அடுத்த மாடி, இப்படியே கீழே வரை. மீறினால் அன்றைக்குக் கடைசி முறை. ஒரே வாரத்தில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் வந்தது.

"யாரு உங்களைத் தலைவரா ஆக்கினது அண்ணே?" என்று கேட்டேன்.

"அகஸ்டஸை யாரு ஆக்கினா? சண்டை போட்டுப் போட்டு எல்லாரும் களைச்சுப் போயிருந்தாங்க. அவன் நிறுத்தினான். அவ்வளவுதான்."

பிறகு படையெடுப்பு. பின் சந்துக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் டோ மியா என்ற பர்மியப் பெண்மணி மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், விற்கும் கடை வைத்திருந்தார். அவர் மோட்டார் எரிந்துபோனதும் அண்ணன் சந்துக்குக் குறுக்கே ஹோஸ் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். நன்றிக்கு அந்த அம்மாள் ஒரு தூக்கு நிறைய மொஹிங்கா அனுப்பினார். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கி, "எகிப்து நம்ம கைக்கு வந்துருச்சு. தானியமும் வந்துருச்சு" என்றார். ரோமுக்குச் சோறு போட்டது எகிப்துத் தானியம்தானாம். தான் பிடிபட்ட விஷயம் டோ மியாவுக்கு இன்றுவரை தெரியாது.

அதுதான் உச்சம். அதற்குப் பிறகு இறங்குமுகம்.

ஐந்தாம் மாடியில் டீச்சர் தம்பதி இருந்தார்கள். ஒரு காலையில் பெட்டிகளோடு பாங்காக் கிளம்பினார்கள். கட்டடமே கீழே நின்று வழியனுப்பியது. அண்ணன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் என்னிடம், "பிரிட்டன் போச்சு" என்றார். அப்புறம் ஆறாம் மாடிக் குடும்பம் ஜப்பானுக்குப் போனது. அது ஸ்பெயின். இரண்டாம் மாடியில் இருந்த சகோதரர்கள் இருவரும் சொல்லாமலே போய்விட்டார்கள். அவர்களுக்கு எந்த நாட்டின் பெயரையும் வைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை.

ஆனால் விசில் மட்டும் நிற்கவில்லை. காலி வீடுகளுக்கும் முறை தவறாமல் ஊதிவிட்டுப் பத்துப் பத்து நிமிஷம் காத்திருப்பார். அதற்குள் கரண்ட் போய்விடும். இருக்கிற எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை.

"பூட்டின வீட்டுக்கு எதுக்கண்ணே பத்து நிமிஷம்?"

"திரும்பி வந்தா தண்ணி வேணாமா?"

அன்றைக்கு முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இந்த நிலைமையில்தான் அவருடைய ஒரே மகன் செல்வத்தின் விஷயம் வந்தது. அவனுக்கு இருபத்து நான்கு வயது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கப் பெயர் எழுதுகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. பினாங்கில் ஒரு கடையில் வேலை தயாராக இருந்தது. பாஸ்போர்ட்டும் இருந்தது. அதை அண்ணன் எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு, தலைநகரத்தை விட்டு இளவரசன் போகக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டார். மீனாட்சி அக்கா, அதாவது மகாராணி, என் வீட்டுக்கு வந்து அழுதார்.

"தம்பி, நான் சொன்னா கேக்க மாட்டாரு. அவரு பாஷையில நீ பேசு. பிள்ளை பேரு எழுதிட்டாங்கன்னா அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்?"

அவர் பாஷை என்றால் ரோம். இரண்டு நாள் டீக்கடையில் உட்கார்ந்து போனில் ரோம சரித்திரம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்திருந்தால் என் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார். மூன்றாம் நாள் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஆரேலியன்னு ஒரு ராஜா இருந்தானே அண்ணே."

"டேசியாங்கிற மாகாணத்தை விட்டுட்டு ஓடினவன். அவன் பேச்சை எடுக்காத."

"ஓடலண்ணே. இனிமே காப்பாத்த முடியாதுன்னு தெரிஞ்சதும், அங்க இருந்த ஜனங்களை டான்யூப் ஆத்துக்கு இந்தக் கரைக்குக் கூட்டிட்டு வந்துட்டான். மண்ணை விட்டான். ஆளை விடல."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"இந்தக் கரையில அவங்க இருந்த இடத்துக்கும் டேசியான்னே பேர் வச்சான். தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"அதுவரைக்கும் நீ படிக்கல."

எழுந்து உள்ளே போனார். அரிசி டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டோடு வந்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா தினமும் அரிசி அளக்கிற டின்தான் அது. அக்கா அதை முந்தானையால் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

செல்வம் போன காலையில் அண்ணன் கீழே வந்தார். யாரையும் வழியனுப்பாத மனிதர், மகன் பெட்டியைத் தானே தூக்கி டாக்ஸியில் வைத்தார். "அங்க போய் வேளைக்குச் சாப்பிடு" என்றார். ரோமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்ஸி திருப்பத்தில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

மறுநாள் என் கதவைத் தட்டினார்.

"நீ எப்ப போற?"

"நான் எங்கண்ணே போறேன்?"

"போறதுன்னா போ. நான் கோவிச்சுக்க மாட்டேன். கீழ வந்து பெட்டி தூக்கி விடறேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை வாராவாரம் போனில் கூப்பிடுகிறாள். நானும் வாராவாரம் ஒரு சாக்குச் சொல்கிறேன். ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் முதுகுவலி. உண்மையைச் சொன்னால் அவள் சிரிப்பாள். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். ஆள ஒரு ஆள்கூட இல்லாமல் அவரை விட்டுப் போக மனம் வரவில்லை.