முகநீக்கப் பிரிவு

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டான். அந்தக் குறையைத் தீர்த்து வைத்த பெருமை எங்கள் அலுவலகத்தையே சேரும். பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், பதினான்கு கணினிகளும் நினைத்தால் மட்டும் ஓடும் ஒரு ஏசியும் கொண்ட அறையில், இருக்கிற ஆளை இல்லாமல் செய்யும் கலையை நாங்கள் முழுமைப்படுத்தினோம். அதன் பெயர் ‘முகநீக்கப் பிரிவு’. தலைவர் அடியேன்.

பிரிவு பிறந்தது ‘ஒளியாண்டு வீரன்’ என்ற மகத்தான விஞ்ஞான அதிரடிப் படத்துக்காக. காற்றே இல்லாத கிரகத்துக்குப் போய், அங்குள்ள இரும்பு மனிதர்களை அடித்துத் துவைக்கும் வீரனின் கதை. வீரனாக நடித்தவரை ரசிகர்கள் ‘எரிமலை’ என்று அழைப்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இயக்குநர் விஞ்ஞானத்தை மதிப்பவர். காற்றில்லாத இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஒருவரும் நடக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். எரிமலையோ ரசிகர்களை மதிப்பவர். இந்த இரு மதிப்புகளும் மோதிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.

“ஹெல்மெட் போட்டா என் மூஞ்சி எப்படித் தெரியும்?” என்றார் எரிமலை.

“முழுக்கக் கண்ணாடி சார்.”

“கண்ணாடியில லைட்டு பட்டு மினுங்குமே. ரசிகன் என்ன, லைட்டைப் பாக்கவா வர்றான்?”

“உள்ளேயே ஒரு பல்பு வெச்சிடலாம் சார். மூஞ்சி பளிச்சுன்னு தெரியும்.”

“சரி. முடி பறக்குமா?”

இயக்குநர் ஒரு கணம் தயங்கினார். காற்றில்லாத கிரகம் அல்லவா? ஆனால் விஞ்ஞானம் விட்டுக்கொடுப்பதால்தான் வளர்கிறது.

“உள்ளேயே சின்னதா ஒரு ஃபேனும் வெச்சிடலாம் சார்.”

பல்பும் ஃபேனும் வைத்த ஹெல்மெட் தயாரானது. எரிமலை அதை நான்கு நிமிடம் அணிந்தார். புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றிக் கொடுத்துவிட்டு கேரவனுக்குள் போனார். மீதி நாற்பத்திரண்டு நாளும் அதை அணிந்து குதித்தவர், விழுந்தவர், எரிந்தவர், எல்லாம் அவருடைய டூப்.

டூப்புக்கு எரிமலையின் உயரம், எரிமலையின் தோள். முகம் மட்டும் அவருடைய சொந்த முகம். மூன்று முறை உடைந்து ஒட்டிய மூக்கு. எந்தப் படத்திலும் டூப்பை முதுகுப் பக்கமாகத்தான் எடுப்பார்கள், அல்லது இருட்டில் தள்ளிவிடுவார்கள். இந்தப் படத்தில் அவர் விழுந்த ஒவ்வொரு விழுகையிலும் அவர் முகம் பாஸ்போர்ட் போட்டோ போலத் துல்லியமாக விழுந்திருந்தது. காரணம் அந்தப் பல்புதான். அதை அணைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பொருட்கள் பட்டியலில் அது ‘நாயகனின் வெளிச்சம்’ என்று பதிவாகியிருந்தது. நாயகனின் வெளிச்சத்தை அணைக்கும் அதிகாரம் அந்தப் படப்பிடிப்பில் ஒருவருக்கும் இல்லை.

ஆக, நானூற்றுப் பன்னிரண்டு ஷாட்டுகள். ஒவ்வொன்றிலும் டூப்பின் முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு எரிமலையின் முகத்தை ஒட்ட வேண்டும். கிரகத்தைப் பதினோரு நாளில் செய்து முடித்தோம். அது அழுகிய தக்காளி போல இருக்கிறது என்று நானே சொன்னேன்.

“கிரகத்தை யாருய்யா பாக்கப்போறான்? மூஞ்சியைப் பாரு” என்றார் இயக்குநர்.

மூஞ்சிக்கு ஐந்து மாதம் ஆனது.

மூன்றாம் மாதத்தில் டூப் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படியில் ஒரு காலை இழுத்து இழுத்து ஏறி வந்தார். என் திரையில் அவருடைய முகம் பாதி அழிந்த நிலையில் இருந்தது. நான் அவசரமாக அதை மறைத்தேன்.

“பரவால்ல சார், வேலையைப் பாருங்க” என்றார். ஏசிக்கு நேராகப் போய் நின்றுகொண்டார். “ஒரே ஒரு ஷாட்டு மட்டும் விட்டு வைக்க முடியுமா சார்?”

“எதுக்குண்ணே?”

“பொண்ணு நாலாவது படிக்குது. எங்கப்பா சினிமாவுல இருக்கார்னு கிளாஸ் பூரா சொல்லி வெச்சிருக்கு. இருபத்தாறு படம் பண்ணிட்டேன், எல்லாத்துலயும் முதுகுதான். ‘அது உன் முதுகுதான்னு எப்படிப்பா நம்புறது?’ங்குது.” சிரித்தார். “முட்டி போயிடுச்சு சார். டாக்டர் இதோட நிறுத்திடச் சொல்லிட்டார். இனிமே முதுகு கூட வராது.”

“விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்” என்றேன். பிரிவுத் தலைவர் வேறு எப்படிப் பேசுவது?

அன்று மாலையே ஷாட் எண் முந்நூற்றேழைத் தேர்ந்தெடுத்தேன். கோபுரத்திலிருந்து விழுந்த வீரன் தரையில் கிடக்கிறான். மூச்சு வாங்க எழுந்து மேலே பார்க்கிறான். இரண்டு வினாடிகூட இல்லை. அதைத் தொடாமல், எதிரே ‘முடிந்தது’ என்று குறித்தேன். அந்த ஐந்து மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை, செய்யாமல் விட்ட அந்த ஒன்றுதான்.

படம் முடிந்து போட்டுக் காட்டினோம். முந்நூற்றேழு வந்தபோது நான் திரையை விட்டுவிட்டு எரிமலையைப் பார்த்தேன். எரிமலை முன்னால் சாய்ந்து உன்னிப்பாகப் பார்த்தார்.

“இந்த எடத்துல நான் பின்னியிருக்கேன், இல்ல?” என்றார்.

“பின்னிட்டீங்க சார்” என்றார் இயக்குநர்.

வெளியீட்டு விழாவில் எரிமலை, “இந்தப் படத்துல டூப்பே கிடையாது. விழுந்தது, எந்திரிச்சது, எல்லாம் நான்தான்!” என்று முழங்கினார். அரங்கம் அதிர்ந்தது. டூப் விழாவுக்கு அழைக்கப்படவில்லை. இல்லாத ஒருவரை எப்படி அழைப்பது? படம் வந்த மறுநாள் அவர் போன் செய்தார். மகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்திவிட்டாளாம். அந்த இரண்டு வினாடிக்காக மூன்று மணி நேரப் படத்தை மறுபடியும் பார்க்கப் போகிறார்களாம். எனக்கு அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தது.

விமர்சனங்கள் வந்தன. ஒட்டுப்போட்ட நானூற்றுப் பதினொரு முகங்களையும் உலகம் கொண்டாடியது. ‘கண்ணில் தெறிக்கும் உயிர்’ என்றது ஒன்று. ‘நரம்பெல்லாம் நடிக்கிறது’ என்றது மற்றொன்று. ஒரே ஒரு குறை மட்டும் எல்லோருக்கும் ஒருமனதாகப் பட்டது. கோபுரத்திலிருந்து விழுந்து எழும் காட்சியில் கிராபிக்ஸ் பல்லிளிக்கிறதாம். முகம் போலியாம். வலியை மிகைப்படுத்திவிட்டார்களாம். அந்த இரண்டு வினாடியை மட்டும் வெட்டி, மூக்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ‘மனுஷன் மூக்கு இப்படியாடா இருக்கும்?’ என்று லட்சக்கணக்கானோர் சிரித்தார்கள்.

இயக்குநர் கொதித்தார். “நாளைக்குள்ள அதை மாத்துற. அத்தனை தியேட்டருக்கும் புதுசா அனுப்புறோம்.”

அன்று மதியம் டூப் மறுபடியும் போன் செய்தார்.

“சார், ஸ்கூல்ல எல்லாரும் அது கிராபிக்ஸ்னு சொல்றாங்களாம். பொண்ணு என் மூக்கைத் தொட்டுப் பாத்துட்டு, ‘அப்பா, படத்துல இருந்தது நீயா, கம்ப்யூட்டரா?’ன்னு கேக்குது. நீங்களாச்சும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இங்கதான் நிக்கிறா.”

“மீட்டிங்ல இருக்கேண்ணே” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே உட்கார்ந்து அவர் முகத்தை அழித்தேன். பழகிய கை, இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

இவ்வளவு பெரிய பிழை எப்படி நேர்ந்தது என்று நிர்வாகம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது. நிர்வாகத்தின் கடமையுணர்வைப் போற்றி, நானும் பணிவுடன் எழுதிக் கொடுத்தேன்:

“ஷாட் எண் 307-இல் காணப்பட்டது கிராபிக்ஸ் பிழை அன்று. அங்கே நிஜமாகவே ஒரு மனிதர் ஐம்பதடி உயரத்திலிருந்து விழுந்தார், அவருக்கு வலித்தது, எழுந்தார். என் கவனக்குறைவால் அது அப்படியே வெளியாகிவிட்டது. தவறு திருத்தப்பட்டது. இனி நம் படங்களில் மனிதர் எவரும் தென்படமாட்டார் என உறுதியளிக்கிறேன்.”