மாமன் பாட்டும் பாண்டியின் கம்ப்ரசரும்

என் கல்யாணத்தைக் கெடுத்தவன் செல்லூர் பாண்டி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். பாண்டி ரேடியோ மெக்கானிக். வீட்டு முன்னறைச் சுவரில் சாக்கையும் பழைய மெத்தையையும் அடித்து, கதவில் சாக்பீஸால் ‘ஸ்டுடியோ’ என்று எழுதியிருந்தான். சுற்றிலும் விசைத்தறி. தறி ஓடினால் பதிவு செய்ய முடியாது. கரண்ட் போனால் தறி நிற்கும், ரெக்கார்டரும் நிற்கும். அதனால் தறிக்கு விடுமுறை விடும் அமாவாசையன்றுதான் அவனுக்குத் தொழில்.

ஓர் அமாவாசைக்குக் கோச்சடையிலிருந்து என் தாய்மாமன் வந்தார். அம்மன் மீது தானே பாட்டுக் கட்டியிருந்தார். அன்று சாயங்காலம் திருவிழாவில் போட வேண்டும். அவர் மகள் வசந்தாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அதனால் பாஸ் கிட்டார் நான். (வாசிக்கத் தெரியுமா என்று மாமனே கேட்கவில்லை, நீங்கள் கேட்காதீர்கள்.)

மாமன் உள்ளறையில் பாடினார். முன்னறையில் என் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே இன்னொரு மைக்.

“மாப்ள, நீ வாசிக்கிறதுல ஒண்ணு இடி மாரி விழுகுது, அடுத்தது கொசு மாரி கேக்குது. இந்தா, கம்ப்ரசர். நானே செஞ்சது. பெருசை அமுக்கும், சிறுசைத் தூக்கும்” என்று பாண்டி ஒரு தகரப்பெட்டியின் திருகைக் கடைசிவரை திருகினான்.

“அம்புட்டு எதுக்குடா?”

“ஒன் வாசிப்புக்கு இதுவே பத்தாது.”

மாமன் ‘தாயே’ என்று இழுத்து முடித்ததும் பாட்டு ஒரு கணம் நிற்க வேண்டும். நின்றது. பாண்டி என் காதருகே வந்து, “மாமாவுக்குப் பல்லு வலியா?” என்று கிசுகிசுத்தான். (அவனுக்கும் அவர் மாமாதான்.) நான் சிரித்துத் தொலைத்தேன். மூக்கால் சிரிக்கும் சிரிப்பு. சொந்தபந்தம் எல்லாம் அறிந்தது.

“ஒருக்காப் போட்டுக் கேப்போம்” என்றேன்.

“என் வேலைய நீ செக் பண்றியாக்கும்?” என்றான் பாண்டி. அதற்குள் மாமன் கேசட்டோடு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கியில் என் கிட்டார் ஈரச்சாக்கை அடித்ததுபோல் அமுங்கிக் கிடந்தது. ‘தாயே’ முடிந்தது. கிட்டார் நின்ற இடத்தில் தூக்குவதற்கு வேறு எதுவும் இல்லாததால் அந்தப் பெட்டி கிசுகிசுப்பைத் தூக்கியிருந்தது. கோச்சடை முழுக்க மாமனின் பல்வலியை விசாரித்தது ஒலிபெருக்கி. பின்னாலேயே என் மூக்குச் சிரிப்பு.

கிசுகிசுப்பில் ஆள் யாரென்று தெரியாது. சிரிப்பில் தெரியும்.

“பிடிக்கலேன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லப்பா. ஆத்தா சன்னதியிலயா?” என்றார் மாமன். அவர் கத்தியிருந்தால் தேவலை.

“நான் இல்ல மாமா, இந்தா நிக்கிறானே, பாண்டிதான்.”

“எனக்கென்ன தெரியும்? நான் மிசினப் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றான் அந்தப் பாவி.

வசந்தா வேறு வீட்டுக்கு வாழப்போனாள். அதைக்கூட விடுங்கள். என் அம்மா தன் அண்ணன் வீட்டுப் படியை மறுபடி ஏறாமலே காலமானாள். அந்த ஒரு சிரிப்பை நான் அடக்கியிருக்கலாம்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது கிசுகிசுத்தால், “மெதுவாப் பேசாதீக, ஊருக்கே கேட்டுரும்” என்பாள் என் மனைவி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பாண்டி, நீ இன்னும் செல்லூரில்தான் இருக்கிறாய். வருகிற திருவிழாவுக்குக் கோச்சடைக்கு வா. அந்தக் கோயில் மைக்கைப் பிடித்து, அன்று பல்வலியை விசாரித்தது யார் என்று எல்லாருக்கும் முன்னால் சொல். கத்திச் சொல். மாமனுக்கு இப்போது காது மந்தம்.