ஒண்டிமுத்துவைத் தேடியவர்கள்

செம்பொட்டல் நாட்டை ஆண்டவர் தம்மை மன்னர் என்று சொல்லிக்கொள்வதில்லை. மன்னரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தே தீரவேண்டும். பேரரணர் என்பது அவர் பட்டம். ஒண்டிமுத்து என்ற கொள்ளைக்காரனிடமிருந்து மக்களைக் காப்பது அவர் பணி.

பஞ்ச காலத்தில் அரண்மனைக் களஞ்சியத்தை உடைத்து நெல்லை ஊராருக்கு அள்ளிக் கொடுத்தவன் ஒண்டிமுத்து. அதன்பின் அவனை யாரும் கண்டதில்லை. அவன் எங்கும் ஒளிந்துகொள்ளக் கூடாதென்று வீடுகளின் கதவுகளைக் கழற்ற ஆணை வந்தது. திருட்டு பெருகியது, அதையும் அவன் தலையில் கட்டினார்கள். அவன் தாகத்தால் சாகட்டும் என்று கிணறுகளைப் பூட்டினார்கள். மாடுகள் செத்தன. அவனுக்குத் தாகம் எடுத்ததாகத் தகவல் இல்லை.

கடைசியில் அவன் தலைக்கு விலை வைத்தார்கள். வேட்டைக்குக் கிளம்பியவர்கள், அவனைப் பிடிக்காமல் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பலர் பாலையில் மடிந்தபின் மிஞ்சியவர்கள் கூத்தாண்டியும் சங்கிலியும். இருவரும் பரம வைரிகள். ஒருவர் குதிரையை மற்றவர் சுட்டதும் உண்டு.

கூத்தாண்டி கிளம்பும்போது அவன் மகள் ராக்குவுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. எப்போதாவது அவன் தன் ஊருக்கு எதிர்க் குன்றில் ஏறி நிற்பான். கூரைகளுக்கு மேல் எழும் அடுப்புப் புகையில் தன் வீட்டுப் புகை எதுவென்று தேடுவான். கண் கலங்கியதும் குதிரையைத் திருப்பிவிடுவான்.

ஒருநாள் துப்புக் கிடைத்து, ஆடு மேய்ப்பவர்களின் குடியிருப்பு ஒன்றுக்குப் போனான். எதிர்ப்பக்கத்திலிருந்து சங்கிலியும் வந்து சேர்ந்தான். நடுவே பொட்டல்வெளி. இரண்டு துப்பாக்கிகளும் உயர்ந்தன.

குடிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள். "எம் புருசனத் தேடித்தானே வந்தீங்க? அந்தா, வேப்பமரத்தடியில கெடக்காரு. காய்ச்சல் கண்டு செத்து வருசக்கணக்காச்சு."

இருவரும் குழிமேல் கிடந்த கற்களை நகர்த்தி, மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். திரும்ப மூடினார்கள். சுட்டுக்கொள்ளக் காரணம் இல்லாமல் போனதால், சேர்ந்தே தலைநகருக்குப் போனார்கள். வழியெல்லாம் கூத்தாண்டி மகளைப் பற்றியே பேசினான். சங்கிலி கேட்டுக்கொண்டே வந்தான்.

காவல் அமைச்சர் பரிபூரணனார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இறந்தான் என்பது உமது சொந்தக் கருத்து. தேர்தல் நெருங்குகிறது. அவன் இல்லையென்றால், கிணறுகளைப் பூட்டியது எதற்கு என்று குடிமக்கள் குழம்புவார்கள். குடிமக்களைக் குழப்பலாமா?"

"அப்ப நாங்க எப்பங்க வீட்டுக்குப் போறது?"

"அவனைப் பிடித்ததும் தாராளமாகப் போகலாம்."

அமைச்சர் சங்கிலி பக்கம் திரும்பினார். "நீர் என்ன கண்டீர்?"

சங்கிலி தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஒண்ணும் பாக்கலீங்க."

கூத்தாண்டி கடைவீதிக்கு ஓடிப்போய் நின்று, "ஒண்டிமுத்து செத்துட்டான்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். காவலர் வருமுன் குதிரையில் பாய்ந்து மறைந்தான்.

பொழுது சாய்வதற்குள் புதிய ஆணை பிறந்தது: ஒண்டிமுத்து இறந்துவிட்டான் என்று எவன் சொல்கிறானோ அவனே ஒண்டிமுத்து.

வேட்டைக்காரனுக்குத்தான் சத்தியம், கொள்ளைக்காரனுக்கு என்ன தடை? கூத்தாண்டி நேரே வீட்டுக்குப் போனான்.

வாசலில் அவன் மனைவி சிலம்பாயி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"எந்தக் குதிரை வந்தாலும் நீங்கதானோன்னு எந்திரிச்சுப் பாப்பேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

"ராக்கு எங்க?"

"கட்டிக்குடுத்தாச்சு, பொழைக்கப் போயிட்டா. அப்பாவுக்கு மீசை இருக்குமான்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல."

அவன் மீசையைத் தடவிக்கொண்டு அழுதான்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. துப்பாக்கியோடு சங்கிலி.

"வேற எங்கயும் போவமாட்டேன்னு தெரியும். கெளம்பு. உன்னப் புடிச்சாத்தான் நான் ஊரு போகமுடியும்."

சிலம்பாயி முறத்தைக் கீழே வைத்தாள். "இவரு என்ன சொன்னாரு? ஒண்டிமுத்து செத்துட்டாருன்னா? நானும் சொல்றேன். செத்துட்டாரு. என்னையும் கட்டு."

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எதிர்வீட்டுக்காரி சொன்னாள். கூடியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல, தெருவே ஒண்டிமுத்துகளால் நிறைந்தது.

சங்கிலி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான். "இத்தன பேரக் கட்ட எங்கிட்டக் கயிறு இல்ல." சிலம்பாயி கொடுத்த கூழைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "செத்துட்டான். நானும் குழியத் தோண்டிப் பாத்தேன்."

குதிரையில் ஏறியவன் தயங்கினான். "கூத்தாண்டி, வேலாவரைக்கு எப்படிப் போவணும்? ஊரான் தடமெல்லாம் மோந்து பாத்து அலைஞ்சதுல, சொந்த ஊருக்கு வழி மறந்துபோச்சு."

கூத்தாண்டி ஊர் எல்லைவரை கூடவே நடந்துபோய்க் கிழக்கே கை காட்டினான்.

செய்தி அடுத்த ஊருக்குப் பரவியது. பிறகு அதற்கடுத்த ஊருக்கு. போன இடமெல்லாம் ஊரே அதைத் திருப்பிச் சொன்னது. கொள்ளைக்காரர்களுக்கு வாக்குரிமை இல்லை. தேர்தல் அமைதியாக நடந்தது. முடிவைப் பறைசாற்றுபவன் வந்து முழங்கினான்: "எதிர்வாக்கு ஒன்றுகூட இன்றிப் பேரரணர் வெற்றி! ஒண்டிமுத்து இன்னும் பிடிபடாததால் காக்கும் பணி தொடரும்!"

கூத்தாண்டி அவனை அருகே அழைத்தான். "காக்கறதுக்கு அங்க யாருப்பா மிச்சம்?"

"பேரரணர் ஒருத்தர்தாண்ணே."

"யாருகிட்ட இருந்து?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நம்மகிட்ட இருந்துதான்."